ஏழாம் வார்டின் எடை

செம்மணாம்பாறை கிராம பஞ்சாயத்து அதுவரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை. ஆபீஸ் சுவரைப் பார்த்தாலே அது தெரியும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி பஸ் போகிற வழியில் இருக்கும் மற்றப் பஞ்சாயத்துகள் கேடயம் வைக்க இடம் போதாமல் அலமாரி அடித்து வைத்திருந்தன. இங்கே ஒரு கடிகாரமும் ஒரு காலண்டரும் மட்டும் தொங்கின. முழுக்கப் படித்த பஞ்சாயத்து, முழுக்கக் குப்பை ஒழிந்த பஞ்சாயத்து, முழுக்கக் கம்ப்யூட்டர் தெரிந்த பஞ்சாயத்து என்று நல்ல பட்டங்களை எல்லாம் அடுத்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பண்டிகைக் காலத்தில் யாருக்கும் எடை கூடாத பஞ்சாயத்து என்ற பட்டத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படியொரு பட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. செம்மணாம்பாறை அதைக் கேட்பதென்று தீர்மானம் நிறைவேற்றியது.

அரசாங்கம் எதைச் செய்தாலும் அந்தக் கேரள எல்லைப்புறத்தில் அதற்குப் பத்ததி என்று பெயர். உற்சவகால எடைக் கட்டுப்பாட்டுப் பத்ததி தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு தொடங்கி, பொங்கல் கழிந்த மறுநாள் முடியும் என்று நோட்டீஸ் வந்தது. இடையில் கார்த்திகை இருந்தது, கிறிஸ்துமஸ் இருந்தது, புதுவருஷம் இருந்தது, திருவாதிரை இருந்தது. மலையாளப் பண்டிகையையும் விடாமல், தமிழ்ப் பண்டிகையையும் விடாமல், இரண்டு பக்கத்துப் பலகாரத்தையும் ஒரு கை பார்க்கிற ஊர் அது. அதனால்தான் இந்த ஊருக்கு இந்தப் பட்டம் ரொம்பப் பொருத்தம் என்று பத்ததியின் பொறுப்பு அதிகாரி நவீன்குமார் சொன்னார்.

நவீன்குமார் சுகாதாரப் பிரிவில் இருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. உத்காடனம் என்கிற தொடக்க விழாக் கூட்டத்தில் அவர் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் இரண்டு வகைப் பாயசமும் பருப்பு வடையும் உண்டு என்று அறிவித்திருந்ததால் கூட்டம் கலையாமல் இருந்தது.

"தனி மனிதன் எடை அவனுடைய சொந்தக் காரியம். அதில் அரசாங்கம் தலையிடாது. வார்டின் எடைதான் அரசாங்கத்தின் காரியம். தொடக்கத்தில் ஒரு வார்டு மொத்தமாக எவ்வளவு இருந்ததோ, முடிவிலும் அதற்கு மேல் ஒரு கிலோ இருக்கக்கூடாது. யார் தின்கிறார்கள், யார் பட்டினி கிடக்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்கமாட்டோம். கூட்டிப் பார்த்தால் சரியாக வரவேண்டும், அவ்வளவுதான்" என்றார் நவீன்குமார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். பாயசம் கொஞ்சம் தித்திப்புக் குறைவு என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் வார்டில் முந்நூற்றுப் பதினாலு பேர். இத்தனை பேரை நிறுக்க மிஷின் வாங்க டெண்டர் விட்டு, டெண்டர் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஆகவே தேங்காய் லாரி நிறுக்கிற எடைமேடையில் நிறுத்துப் பார்க்க ஏற்பாடானது. இருபத்தைந்து இருபத்தைந்து பேராக, ஈடு ஈடாக மேடையில் ஏறி, லாரி நிற்கிற இடத்தில் நின்றார்கள். எடைமேடைக்காரர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவையும் சீட்டு அடித்துக் கொடுத்தார். வண்டி எண் என்ற இடம் காலியாக இருந்தது. சரக்கு என்ற இடத்தில் பலவகை என்று இருந்தது. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் கைக்குழந்தைகள் அதன் கண்ணில் படவேயில்லை. ஏழாம் வார்டு பதினேழாயிரத்து அறுநூற்று இருபது கிலோ என்று முடிவாகி, பஞ்சாயத்து முத்திரை விழுந்தது.

ஆறுச்சாமி மூன்றாவது ஈட்டில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயது, தென்னந்தோப்புக்காரர், தொண்ணூற்றாறு கிலோ. ஈடு முடிந்து அவர் முதல் ஆளாக மேடையை விட்டு இறங்கியதும், மேலே சிவப்பு எழுத்தில் இருந்த எண் சட்டென்று நூறு குறைந்தது. மேடையில் நின்றவர்களும் கீழே நின்றவர்களும் ஒரு முறை எண்ணைப் பார்த்தார்கள், ஒரு முறை அவரைப் பார்த்தார்கள். ஆறுச்சாமிக்கு வேட்டி அவிழ்ந்துவிட்ட மாதிரி வெட்கமாகிவிட்டது. துண்டை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, புளியமரத்து நிழலில் ஒதுங்கினார்.

அங்கேதான் நவீன்குமார் அவரைத் தேடி வந்தார். கூடவே வார்டு மெம்பர் குப்பண்ணனும் வந்தார். பத்ததிக்கு வார்டுக்கு ஒரு எடைத் தூதர் தேவை என்றும், பார்த்தவுடன் ஜனங்களுக்குப் பிரச்சினை புரிகிற மாதிரி ஒருவர் வேண்டும் என்றும், ஆறுச்சாமியைப் பார்த்தால் உடனே புரிகிறது என்றும் நவீன்குமார் விளக்கினார். ஆறுச்சாமி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பஸ் ஸ்டாப்பில் எட்டடிக்குப் பன்னிரண்டடி பிளெக்ஸ் வைப்போம், அதில் உங்கள் போட்டோ மட்டும்தான், பிரசிடெண்ட் போட்டோகூட மூலையில் சின்னதாகத்தான் வரும் என்று குப்பண்ணன் காதில் ஓதினார். எடுத்த வாய் மூடிக்கொண்டது.

ஒரு சத்தியப் பத்திரம் நீட்டினார்கள். போட்டோவுக்கு எந்தச் சட்டை போடலாம் என்ற யோசனையில் இருந்த ஆறுச்சாமி, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். பத்ததி முடியும்வரை சொந்த வீட்டு அடுப்பில் வெந்தது தவிர வேறெங்கும் எதையும் உண்ணமாட்டேன், மீறினால் என் வார்டு பத்ததியிலிருந்து நீக்கப்படும் என்று அதில் இருந்தது.

மூன்றாம் நாள் பிளெக்ஸ் ஏறியது. ஆறுச்சாமி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நெஞ்சுக்கு முன்னால் வயிறு நின்றது. இவரால் முடிந்தது, உங்களாலும் முடியும் என்று கீழே எழுதியிருந்தது. அவரால் இன்னும் எதுவும் முடிந்திருக்கவில்லை. ஆனாலும் ஆறுச்சாமி ஒரு வேலையும் இல்லாமல் அன்றைக்கு நாலு முறை பஸ் ஸ்டாப் பக்கம் போய்வந்தார். அவர் மனைவி சாந்தம்மாள் மட்டும், இது பெருமைக்கு வெச்சதா மானத்த வாங்க வெச்சதா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

இனி ஆறுச்சாமியின் அக்காளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் பெரியம்மாள். அதே வார்டில், நாலு தோப்பு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், ஆறுச்சாமிக்குச் சோறூட்டி வளர்த்தது அவள்தான். அந்தத் தொண்ணூற்றாறில் பாதி அவள் போட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஆறு வருஷம் முன்பு அவள் மகள் வனிதாவின் கல்யாணத்தில் வந்தது வினை. தாய்மாமன் செய்யவேண்டிய சீருக்கு நேரமாகிவிட்டது, பொள்ளாச்சி ரோட்டில் ஆறுச்சாமியின் ஜீப் பஞ்சராகி நின்றுவிட்டது. முகூர்த்தம் தப்பிப்போகும் என்று பங்காளி ஒருவரை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள். வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த ஆறுச்சாமி பந்தலைப் பார்த்தார், பங்காளியைப் பார்த்தார், அப்படியே திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் அதுதான் முறை. சண்டை என்றால் கத்துவதும் கோர்ட்டுக்குப் போவதும் பெரிய காரியமில்லை. அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்காமல் இருப்பதுதான் பெரிய காரியம். சமாதானம் என்றாலும் அப்படித்தான், மன்னிப்புக் கேட்கவேண்டாம், பேசிக்கூடத் தீர்க்கவேண்டாம். போய் இலையில் உட்கார்ந்து கையை நனைத்தால் போதும், பழசெல்லாம் கழுவிப் போய்விடும். மூன்று வருஷம் முன்பு அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது ஆறுச்சாமி முதல் ஆளாகப் போய் நின்றார். ஆனால் சாவு வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. அதனால் அது சேர்த்தியில் வரவில்லை. மகன் கோயமுத்தூரில் வேலைக்குப் போனபிறகு பெரியம்மாள் அந்தப் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அவளே தம்பி வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. ஆறுச்சாமி எழுந்து நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் சந்தகை புழியறேன். நீயும் சாந்தாளும் வந்துட்டுப் போங்க" என்றாள் பெரியம்மாள். கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எனக்கும் வயசாகுதல்ல" என்றாள்.

வர்றோம் என்றார் ஆறுச்சாமி. அவள் போனபிறகு தோப்புக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். இடியாப்பம் மாதிரி இழை இழையாக விழும் சந்தகைமேல் அக்கா ஊற்றுகிற தேங்காய்ப்பால் ஞாபகம் வந்தது. சத்தியப் பத்திரம் ஞாபகம் வரவில்லை.

இதற்குள் பலகாரப் பரிசோதனைக் குழு வேலையைத் தொடங்கியிருந்தது. நவீன்குமார், ஒரு கிளார்க், ஒரு டிரைவர், ஒரு ஜீப். வீடு வீடாகப் போய்த் தீபாவளிப் பலகாரத்தில் எண்ணெயும் சர்க்கரையும் அளவோடு இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவர்கள் வேலை. சாம்பிளை லேபுக்கு அனுப்பினால் வர மூன்று மாதம் ஆகும் என்பதால், அங்கேயே வாயில் போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். வகைக்கு நாலு என்று கணக்கு. சரியில்லாத லட்டு செய்தவர்களுக்கு உடனே சான்று கிடைத்தது. சாந்தம்மாளின் முறுக்குக்கு மூன்று முறை மறுபரிசோதனை தேவைப்பட்டது. கச்சாயத்துக்கு ஐந்தாவது முறையும் சந்தேகம் தீரவில்லை. ஆறுமாதக் கர்ப்பிணியான செல்வப்பிரியாவுக்கு, எடை கூடியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. மாசி மாதம் விளக்கம் பிறக்கும் என்று அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள். விளக்கம் வரும்வரை நிலுவை என்று குறித்து, பைலில் சேர்த்தார்கள்.

தீபாவளி மத்தியானம் ஆறுச்சாமியும் சாந்தம்மாளும் போனார்கள். பெரியம்மாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. இலையில் சந்தகை வைத்தாள், தேங்காய்ப்பால் பாத்திரமும் வெல்லமும் பக்கத்தில் இருந்தன. கரண்டியைப் பால் பாத்திரத்தில் விட்டுத் தூக்கினாள். ஆறுச்சாமி டம்ளர் தண்ணீரை எடுத்தார். வாசலில் ஜீப் நின்றது.

குப்பண்ணன் முன்னால் வந்தார். பின்னால் குழு வந்தது. தூதர் வெளியே சாப்பிடப் போகிறார் என்று யாரோ வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டதாகக் குப்பண்ணன் சங்கடத்தோடு சொன்னார். படிக்காமல் கையெழுத்துப் போட்ட சத்தியப் பத்திரம் ஆறுச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நவீன்குமார் கோபப்படவில்லை. சத்தியப் பத்திரத்தின் நகலை எடுத்து, மடிப்பை நீவிவிட்டார்.

"நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம், தூதரே. உங்கள் வாய், உங்கள் வயிறு. ஏழாம் வார்டு மட்டும் பத்ததியிலிருந்து போய்விடும். பிளெக்ஸில் உங்கள் போட்டோவை எடுக்கவேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். கீழே இருக்கிற வாசகத்தை மட்டும் மாற்றினால் போதும்" என்றார்.

ஆறுச்சாமி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்ததாகப் பின்னால் அவர் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டதுண்டு. உண்மையில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பஸ் ஸ்டாப்பில் எட்டடிக்குப் பன்னிரண்டடி தன் முகமும், அதன் கீழே வேறு வாசகமும் அவர் கண்ணில் நின்றன. டம்ளரைக் கீழே வைத்தார். உட்கார்ந்தபடியே இலையைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. உத்காடனப் பேச்சில் நவீன்குமார் சொன்ன வார்த்தைகளே வாயில் வந்தன.

"வேண்டாங்க்கா. பண்டிகையில வேண்டாம்னு சொல்லப் பழகோணும்."

குப்பண்ணன் அதைப் போட்டோ பிடித்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் போன் கையில் இருந்தது. பெரியம்மாள் தூக்கிய கரண்டியோடு நின்றாள். பால் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுந்தது. ஆறுச்சாமி இலையை விட்டு எழுந்தார்.

சாந்தம்மாள் அசையவில்லை. நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிவிட்டு, தன் இலையில் கையை நனைத்தாள். ஆனால் கூடப் பிறந்தவன் எழுந்து போன வீட்டில் அவன் பெண்டாட்டி கை நனைத்துப் பிரயோசனம் இல்லை. அதுவும் சேர்த்தியில் வராது. வைத்த உணவு வீணாகக்கூடாது என்று நவீன்குமார் ஆறுச்சாமியின் இலையில் உட்கார்ந்தார். குழுவும் உட்கார்ந்தது. வந்தவர்களுக்குப் பரிமாறாமல் இருக்கப் பெரியம்மாளுக்குத் தெரியாது. சந்தகையில் கொழுப்பு அதிகம் என்றும், இன்னும் கொஞ்சம் பால் விட்டால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றும் கிளார்க் சொன்னதை ஆறுச்சாமி வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு சாந்தம்மாள் அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஏனுங்க, கரண்டியத் தூக்கிட்டு உங்கொக்கா நின்னாங்களே. அதுல எத்தன கலோரின்னு அந்தாபீசரக் கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் பழைய பிளெக்ஸ் இறங்கிப் புதியது ஏறியது. இலைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு கை, அதில் வளையல், ஒரு கரண்டி. வேண்டாம் என்று சொல்லப் பழகுவோம் என்று எழுதியிருந்தது. அந்த வளையல் யாருடையது என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாள் ரேஷன் கடைக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஆறுச்சாமி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். பொள்ளாச்சிக்குப் போகவேண்டுமென்றால் ஒரு மைல் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறினார். தூதர் நடைப்பயிற்சி செய்கிறார் என்று அதையும் குரூப்பில் போட்டார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் இடைக்கால எடை பார்த்தார்கள். வார்டு தொண்ணூறு கிலோ கூடியிருந்தது. குப்பண்ணன் கலங்கிப்போனார். காலை ஆறு மணிக்கு வாய்க்கால் மேட்டில் எல்லோரும் ஓடவேண்டும் என்று விசில் ஊதினார். ஓடியவர்கள் விரல் ரேகை வைத்தால்தான் ஓடியதாகக் கணக்கு என்று நவீன்குமார் மிஷின் அனுப்பினார். மிஷினுக்கு முன்னால் வரிசை ஒன்றரை மணி நேரம் நின்றது. வரிசையில் நிற்கிறவர்களை நம்பி வாய்க்கால் மேட்டில் இரண்டு வடைக் கடைகள் வந்தன. கிளார்க்குக்கு அந்த வடையில் சந்தேகம் வந்து, தினமும் பரிசோதனைக்கு வந்தார்.

ஆறுச்சாமி மட்டும் நிஜமாகவே ஓடினார். ஓடி ஓடி ஆறு கிலோ இளைத்தார். உடம்பு இளைத்ததே தவிர மனசில் இருந்தது இறங்கவில்லை. அக்கா வீட்டு வேலி அருகில் வரும்போதெல்லாம் அவர் கால் வேகமெடுத்தது. அடுப்புப் புகை வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒரு நாளும் வரவில்லை. கேஸ் அடுப்பு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தது தனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று பிறகு அவர் வெட்கப்பட்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் குப்பண்ணன் கடைசி முயற்சியில் இறங்கினார். எண்பது கிலோவுக்கு மேற்பட்ட நாலு பேர் பொள்ளாச்சியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குத் தற்காலிகமாகக் குடிபெயர்ந்ததாக எழுதிக்கொண்டார்கள். அதே கையோடு அவர்களுக்குப் பதிலாக நாலு நோஞ்சான்கள் வார்டுக்குக் குடியேறியதாகவும் எழுதினார்கள். பெண்கள் நகையைக் கழற்றிவிட்டு எடைமேடைக்கு வரவேண்டும் என்றும், ஆண்கள் மீசைக்கு எண்ணெய் தடவக்கூடாது என்றும் அறிவிப்பு வந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் ஈடு ஈடாக எல்லோரும் மேடையில் ஏறி இறங்கினார்கள். சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். பதினேழாயிரத்து அறுநூற்றுப் பத்து. பத்துக் கிலோ குறைவு. குப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டாசு கொளுத்தினார்.

பரிசளிப்பு விழாவில், வார்டிலேயே அதிகம் இளைத்த ஒருவருக்குத் தனிப் பரிசு உண்டு. அதற்கு மட்டும் ஆஸ்பத்திரி மிஷினில் தனித்தனியாகவும் நிறுத்து வைத்திருந்தார்கள். ஆறுச்சாமி தனக்குத்தான் வரும் என்று எதிர்பார்த்து, வராமலிருந்தால் நல்லது என்றும் நினைத்து, மேடையில் தூதருக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நவீன்குமாருக்கு அந்த இரண்டரை மாதத்தில் கழுத்து காணாமல் போயிருந்தது. இஸ்திரிச் சட்டையின் நடுப் பொத்தான் மூடவில்லை. அவர் வேறு பஞ்சாயத்தில் குடியிருப்பவர் என்பதால் அவருடைய எடை இந்தக் கணக்கில் வராது. அவர் பேப்பரைப் பார்த்துப் படித்தார்.

பெரியம்மாள், வயது அறுபத்துமூன்று, தொடக்கத்தில் ஐம்பத்திரண்டு கிலோ, இப்போது நாற்பத்துமூன்று.

கூட்டத்தில் இருந்து அவள் எழுந்து வந்தாள். ஆறுச்சாமிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. மேடைப் படியில் ஏறக் குப்பண்ணன் கை கொடுத்தார். வார்டு ஜெயித்த பத்துக் கிலோவில் ஒன்பது கிலோ இந்த ஒரு ஆள் கொடுத்தது என்றும், ஒரு சாதாரண விதவைத் தாய் பத்ததியையே தன் தோளில் சுமந்திருக்கிறார் என்றும் நவீன்குமார் தழுதழுத்தார். பிறகு மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"என்ன வழியைக் கடைப்பிடித்தீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும் அம்மா."

பெரியம்மாள் மைக்கில் பேசியதே இல்லை. கொஞ்சம் தள்ளியே நின்று பேசினாள். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது.

"வழியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தீபாவளிக்கு எந்தம்பி வந்தான். எலைல உக்காந்து, கை நனைக்காம எந்திரிச்சுப் போயிட்டான். அப்பறம் அடுப்புப் பத்தவெக்க மனசு வரலீங்க. ஆருக்குன்னு ஆக்கறது? டீத்தண்ணியும் வர்க்கியுமா ஓடிருச்சுங்க."

சாந்தம்மாள் முன்வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நவீன்குமார் மட்டும் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

"கேட்டீர்களா? எவ்வளவு எளிமை. கடைப்பிடித்த முறை, சமைக்காமை. காரணம், உறவினரின் ஒத்துழைப்பு. செலவு ஏதுமில்லை. இதை அடுத்த வருஷம் எல்லா வார்டுக்கும் கொண்டுபோகலாம் என்று நான் மேலே எழுதப் போகிறேன். வீட்டுக்கு ஒருவர் இப்படி ஒத்துழைத்தால் நம் பஞ்சாயத்து எங்கேயோ போய்விடும்" என்றார். கை தட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நாலைந்து பேர் தட்டினார்கள். பிறகு, பரிசை வார்டுத் தூதரே வழங்குவார் என்று அறிவித்தார்.

பரிசு ஒரு பெரிய ஹாட்பாக்ஸ். பத்துப் பேருக்குச் சோறு சூடாக வைக்கலாம். ஆறுச்சாமி அதைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். மேடையில் நிற்கிற தன் உடம்பு முழுவதும், ஓடி இளைத்த பிறகும் மிச்சமிருந்த தொண்ணூறு கிலோவும், அவள் ஊட்டியது என்று தோன்றியது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். ஆறுச்சாமியால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. பெரியம்மாள் பரிசை வாங்கப் பார்த்தாள், கனம் தாங்காமல் கை தாழ்ந்தது.

"நானே எடுத்துட்டு வாறேன்க்கா" என்றார் ஆறுச்சாமி.

கேடயம் வாங்குகிற நிகழ்ச்சிக்குத் தூதர் இருக்கவேண்டும் என்று குப்பண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார். ஆறுச்சாமி திரும்பவில்லை. அவள் முன்னால் நடந்தாள், அவர் ஹாட்பாக்ஸோடு பின்னால் நடந்தார்.

வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்ததும் ஆறுச்சாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பஸ் ஸ்டாப்பில் இருந்த இரண்டாவது பிளெக்ஸ், அளவுக்கு வெட்டி, நாலு ஆணி அடித்து மாட்டியிருந்தது. இலைக்கு முன்னால் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே இருந்த வாசகம் கத்தரிக்கப்பட்டிருந்தது.

இது எதற்கு என்று அவர் கேட்டார்.

"நம்மூட்டு எலைல நீ உக்காந்த போட்டோ வேற இல்லியே. எறக்கிக் கீழ போட்டிருந்தாங்க. குப்பண்ணங்கிட்டக் கேட்டு வாங்கியாந்தேன்" என்றாள் பெரியம்மாள்.

அவள் உள்ளே போனாள். விறகு எடுத்து வைத்தாள். இரண்டரை மாதம் எரியாத அடுப்பு, தீ பிடிக்க நேரமாயிற்று. ஆறுச்சாமி கூடத்தில் உட்கார்ந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் எரிந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகிற வாசனை வந்தது. அவள் இலை போட்டு டம்ளரில் தண்ணீர் வைத்தாள், பரிசாக வந்த ஹாட்பாக்ஸைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, சட்டியோடும் கரண்டியோடும் அவர் எதிரில் வந்து குனிந்தாள். கரண்டியில் சோறு எடுத்தவள், இலைக்கு மேலே அதை அப்படியே நிறுத்தினாள்.

"எத்தன கரண்டி வெக்கலாம்னு உங்க பத்திரத்துல எழுதீருக்குது?"

ஆறுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். தம்பிக்கு மறுபடியும் ஆபீசில் ஒரு தொந்தரவு வந்துவிடக்கூடாதே என்று நிஜமாகவே பயந்துபோய், அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஆறுச்சாமி டம்ளர் தண்ணீரைச் சாய்த்துக் கையை நனைத்து, அந்த ஈரக் கையை வெறும் இலைமேல் விரித்து வைத்து, அவள் போடும்வரை தலை குனிந்திருந்தார்.